வாயைத் திறக்கச் சொல்லுங்கள்: கெடாவின் தாதியருக்கும் டிரெசர்மாருக்கும் ஒரு திறந்த மடல்

கெடா மாநிலத்தின் சுகாதாரக் கிளினிக்குகளிலும் கிராமக் கிளினிக்குகளிலும் பணியாற்றும் தாதியருக்கும், மருத்துவ உதவியாளர்களுக்கும், தோட்டங்களில் இன்னும் மிஞ்சியிருக்கும் டிரெசர்மாருக்கும், இந்த வேலைகளுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும்,

பாலிங், கோலா கெட்டில், பீடோங், பாடாங் செராய், லூனாஸ் என்று எந்த ஊர்க் கிளினிக்கில் நீங்கள் உட்கார்ந்திருந்தாலும், இனிப்புநீர் மாத்திரைக்கும் இரத்தக் கொதிப்பு மாத்திரைக்கும் வந்து நிற்கும் நம் பாட்டிமாரைப் பார்க்காத நாள் இருக்காது. விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறீர்கள். கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்க்கிறீர்கள். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தில் புண் உண்டா என்று பார்க்கிறீர்கள். அதே நாற்காலியில், அதே ஆளிடம், இன்னும் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பல் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். பல் மிஸ்ஸி வந்துவிட்டாள் என்றால் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்ட காலத்து ஆள். 1949-இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியதே பிள்ளைகளின் பல்லைக் காப்பாற்றத்தான். அந்த வேலையை நாங்கள் நன்றாகவே செய்தோம். ஆனால் பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து, கன்னம் புடைக்க வெற்றிலை அடக்கியபடி வாசலில் நிற்கும் பாட்டியின் வாய் யார் கணக்கிலும் வரவில்லை. பெரியவர்கள் தாமாகப் பல் டாக்டரிடம் போவார்கள் என்று வைத்துக்கொண்டார்கள். அவர்கள் போகவில்லை. வலி உயிரை எடுத்தால் போவார்கள், பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருவார்கள். பல்லெல்லாம் விழுந்துவிட்டால் பல் டாக்டரிடம் என்ன வேலை என்று கேட்பார்கள். அவர்கள் தவறாமல் போவது உங்களிடம்தான்.

இதை இப்போது எழுதத் தூண்டியது எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு நோய். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர் 15 அன்று புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் நோமாவைச் சேர்த்தது. நைஜீரியா முன்னின்று கேட்டது, முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் பின்னால் நின்றன. பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வயதுக்குட்பட்ட, சாப்பாடு போதாத பிள்ளைகளுக்கு வருவது நோமா. தட்டம்மையோ மலேரியாவோ வந்து உடம்பு விழுந்திருக்கும் நேரம் பார்த்து ஈறில் தொடங்கும். முதலில் ஈறு சிவந்து இரத்தம் கசியும். பிறகு புண்ணாகும், வாய் நாறும். அடுத்து கன்னம் வீங்கும். அதன்பின் எல்லாம் நாள் கணக்கில் நடந்துவிடும். கன்னத்துச் சதை கறுத்து அழுகி, உள்ளேயிருந்து வெளியே ஓட்டை விழுந்து, பல்லும் எலும்பும் வெளியே தெரியும். சிகிச்சை கிடைக்காத பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது வரை இறந்துபோகும் என்கிறார்கள். பிழைக்கும் பிள்ளைக்கோ தாடை இறுகிப் போகும், வாய் திறக்காது, பேச்சு வராது. தெய்வக் குற்றம் என்றோ சாபம் என்றோ சொல்லிப் பல குடும்பங்கள் அதை வீட்டுக்குள்ளேயே மறைத்துவிடும். இத்தனைக்கும் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோயே அல்ல.

இந்த நோய் ஒருகாலத்தில் ஐரோப்பாவிலும் இருந்தது. ஏழைகளுக்குச் சாப்பாடும் சுத்தமான வீடும் கிடைக்கத் தொடங்கியதும், பெனிசிலின் வருவதற்கு முன்பே அது அங்கிருந்து போய்விட்டது. பிறகு நாஜிகளின் ஆஷ்விட்ஸ், பெர்கன்-பெல்சன் முகாம்களில் மனிதரைப் பட்டினி போட்டபோது திரும்பி வந்தது. எங்கே பசி இருக்கிறதோ அங்கே அது இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் லாவோஸ் மலைக்கிராமங்களில்கூட டாக்டர்கள் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு நெஞ்சில் தைத்தது இதற்கான மருந்துதான். ஈறில் இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டால் அமாக்சிசிலின், மெட்ரோநிடசோல், வாய் கழுவும் மருந்து, நல்ல சாப்பாடு, வைட்டமின் ஏ, இவ்வளவே போதும். உங்கள் கிளினிக் அலமாரியில் இன்றைக்கே இருக்கும் சாமான்கள். கன்னம் கறுத்த பிறகு வந்தால் பெரிய அறுவை நிபுணர்கள் பலமுறை கத்தி வைத்தாலும் பழைய முகம் திரும்பாது. ஆகவே பிள்ளையின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது அதை முதலில் பார்க்கும் ஆள். பெரும்பாலும் அந்த ஆள் டாக்டராக இருப்பதில்லை. தடுப்பூசி போடும் தாதி, எடை பார்க்கும் பெண், மருத்துவச்சி, இவர்கள்தான். இவர்களை மனதில் வைத்துத்தான் உலக சுகாதார நிறுவனம் நோமா பயிற்சியை அமைத்து, இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஈறைப் பார், வாய் நாற்றத்தைக் கவனி, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல், மருந்து கொடு, அனுப்பு. அந்தப் பயிற்சியின் சாரம் அவ்வளவுதான். வடமேற்கு நைஜீரியாவின் சொகோட்டோ நகரில் நோமாவுக்கென்றே 1999 முதல் ஒரு மருத்துவமனை நடக்கிறது. சிறுவயதில் நோமாவில் முகம் சிதைந்து பிழைத்த முலிக்காட் ஒகன்லவோன் என்ற பெண் அங்கேயே வேலை பார்த்தார். அவரும் ஃபிடெல் ஸ்ட்ரூப் என்ற இன்னொருவரும் சேர்ந்து நோமாவில் பிழைத்தவர்களுக்கென்று 'எலிசியம்' என்ற சங்கத்தைத் தொடங்கி, தங்கள் முகத்தையே சாட்சியாக உலகின் முன் வைத்தார்கள்.

கெடாவில் நோமா எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தட்டம்மைத் தடுப்பூசி இங்கே 1982-இலிருந்து இருக்கிறது. நம் பிள்ளைகள் அந்த அளவுக்குப் பட்டினி கிடப்பதில்லை. ஆனால் நம்மிடையே வேறொரு நோய் இருக்கிறது: வாய்ப்புற்று. அதுவும் ஏழையின் வாய்க்குள்தான் தொடங்குகிறது. அது தொடக்கத்தில் வலிப்பதில்லை. அதுவும் கடைசியில் கன்னத்தில் ஓட்டை போடுகிறது. அதையும் முதலில் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் நீங்கள்தான்.

1993, 1994-ஆம் ஆண்டுகளில் மலேசியா முழுவதும் 25 வயதும் அதற்கு மேலும் ஆன 11,697 பேரின் வாயைப் பல் டாக்டர்கள் பரிசோதித்தார்கள். புற்றாக மாறக்கூடிய படலங்களும் புண்களும் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 1.4 பேரிடம் இருந்தன. சீனர்களிடம் 0.5. இந்தியர்களிடம் 4. இந்த எண்ணிக்கையை முதலில் படித்தபோது எந்தத் தோட்டத்து எந்த லயத்து முகங்கள் அவை என்று என்னால் சொல்ல முடிந்தது. உங்களில் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கும் முடியும். சுகாதார அமைச்சு இதைக் கண்டு சும்மா இருந்துவிடவில்லை. 1997-இலிருந்து வாய்ப்புற்றைத் தடுக்கவும் முன்கூட்டியே கண்டுபிடிக்கவும் ஒரு திட்டம் நடக்கிறது. பல் மருத்துவக் குழுக்கள் தோட்டங்களுக்கும், சபா, சரவாக் பழங்குடிக் கிராமங்களுக்கும் போய் வாயைப் பார்க்கின்றன. நல்ல திட்டம். அதில் உழைத்தவர்களுக்கு என் வணக்கம். ஆனாலும் இன்றுவரை இந்த நாட்டில் வாய்ப்புற்றோடு மருத்துவமனைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வருகிறார்கள்.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். தோட்டம் என்று ஒன்று இருந்தபோது மக்கள் ஒரே இடத்தில் இருந்தார்கள். பெரட்டுக் களத்தில் நின்றால் எல்லாரையும் பார்க்கலாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நிலம் விற்கப்பட்டது, லயங்கள் இடிந்தன. சுங்கை பட்டாணியின் தாமான்களுக்கும் கூலிமின் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் சனம் சிதறிப்போனது. வெற்றிலைப் பெட்டியும் கூடவே போனது. நாலாவது மாடியில் பேரன் வீட்டில் இருக்கும் பாட்டியை எந்தப் பல் வண்டி போய்த் தேடும்? அவரோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் முன்னால் வந்து உட்காருகிறார்.

எங்கள் தாமானில் ஒரு பெரியம்மா இருந்தார். பால் மரம் வெட்டி ஐந்து பிள்ளைகளை ஆளாக்கியவர். கிளினிக் தேதி என்றால் முதல் நாளே நல்ல புடவையை எடுத்து வைத்துவிடுவார், ஒரு தவணை தவறியதில்லை. கொஞ்ச நாளாக இரசம் எரிகிறது என்று கஞ்சிக்கு மாறினார். கடைவாய்ப் பக்கம் புண் என்று கிராம்புத் தைலம் வைத்துக்கொண்டார். பிறகு யாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடாமல், அடுப்படிக்குப் பின்னால் தனியாகத் தட்டை வைத்துக்கொண்டார். வாய் நாற்றம் மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் என்று பிற்பாடுதான் அவர் மகளுக்குப் புரிந்தது. கன்னத்துக்கு வெளியே வீங்கிக் கசியத் தொடங்கியபோதுதான் எனக்குச் சொன்னார்கள். அதற்குள் தாடை எலும்பு வரை போயிருந்தது. அவர் போன பிறகு அவருடைய கிளினிக் புத்தகத்தைப் புரட்டினேன். பல வருடத்துச் சர்க்கரை, அழுத்தம், எடை, பாதம், கண், எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. வாயைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தக் கிளினிக் பெண்பிள்ளைகள் வேலையில் குறை வைத்தவர்கள் அல்ல. வாயைப் பார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எழுதப் புத்தகத்தில் இடமும் இல்லை.

அதனால், தங்கச்சிகளே, தம்பிகளே, பார்ப்பது எப்படி என்று நானே சொல்கிறேன். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டார்ச்சு விளக்கு, இரண்டு மரக் குச்சி, ஒரு துண்டு காஸ் துணி, கையுறை. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்புங்கள். கட்டுப்பல் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். நிறையப் பேர் கூச்சப்படுவார்கள், திரையை இழுத்துவிடுங்கள். வெற்றிலை இருந்தால் துப்பிக் கொப்பளித்துவிட்டு வரட்டும். பிறகு கேளுங்கள்: "எந்தப் பக்கம் அடக்குவீங்க பாட்டி?" இந்த ஒரு கேள்விக்கு அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். அந்தப் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம். குச்சியால் கன்னத்தை விலக்கி, ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்தைக் கடைசி வரை பாருங்கள். அங்கேதான் அந்த வெற்றிலை உருண்டை மணிக்கணக்கில், சிலருக்கு விடிய விடிய, கிடக்கிறது.

கறை இருக்கும், பயந்துவிடாதீர்கள். காஸ் துணியால் துடையுங்கள். காவியும் மாவு போன்ற படிவும் கொஞ்சம் துணியோடு வரும். துடைத்தும் போகாத வெள்ளைப் படலம் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெல்வெட்டு மாதிரி சிவந்த திட்டு இருந்தால் இரண்டு கோடு போட்டுக் குறியுங்கள், வெள்ளையைவிடச் சிவப்பு ஆபத்து. பிறகு நாக்கை நீட்டச் சொல்லி, நுனியைத் துணியால் பிடித்து, இடப்பக்க ஓரம், வலப்பக்க ஓரம் இரண்டையும் பாருங்கள். நாக்கை மேலே தூக்கச் சொல்லி அடியிலும், தலையைச் சாய்க்கச் சொல்லி மேலண்ணத்திலும் பாருங்கள். ஒரு விரல் உள்ளே, கட்டை விரல் வெளியே வைத்துக் கன்னத்தை மெல்லத் தடவுங்கள். கன்னம் மெத்தென்று இருக்க வேண்டும். கயிறு இழுத்துக் கட்டியது போல் உள்ளே நார் நாராகத் தட்டுப்பட்டால், பாக்கு அந்தச் சதையை இறுக்கத் தொடங்கிவிட்டது. அவருடைய சொந்தக் கையின் மூன்று விரலை நெட்டுக்குத்தாக வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் வாய் சுருங்கி வருகிறது. காரம் பட்டால் எரிகிறதா என்று கேளுங்கள். கடைசியாகத் தாடைக்குக் கீழும் கழுத்திலும் கட்டி உண்டா என்று தடவிப் பாருங்கள். இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், மரத்துப்போன உதடு, இவற்றில் எது இருந்தாலும் அனுப்புங்கள். இது புற்றா இல்லையா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை, அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். இயல்பான வாய் எப்படி இருக்கும் என்று நூறு வாயைப் பார்த்துப் பழகிவிட்டால், இயல்பில்லாதது உங்கள் கண்ணில் தானாகப் படும்.

பல் படிப்புப் படிக்காதவர்களால் இது முடியுமா என்ற சந்தேகம் உங்களுக்கும் இருக்கும், உங்கள் மேலதிகாரிகளுக்கும் இருக்கும். நாற்பது வருடத்துக்கு முன்பே இலங்கையில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். நம்மைப் போலவே வெற்றிலை போடும் ஊர். பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் அவரோடு இருந்தவர்களும் 34 ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் அந்த 34 பேர், தங்கள் வழக்கமான வேலையோடு, 28,000-க்கும் மேற்பட்டவர்களின் வாயைப் பார்த்தார்கள். சந்தேகப்பட்டு அனுப்பியவர்கள் 1,220 பேர். நிபுணர்கள் பார்த்ததில் 20 பேருக்குப் புற்றே இருந்தது. 1984-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழிலேயே இது வெளிவந்தது. பிறகு 1996-இல் கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் இன்னும் பெரிதாகத் தொடங்கினார்கள். சங்கரநாராயணன் என்ற மருத்துவரும் குழுவினரும், மருத்துவம் படிக்காத பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக வாயைப் பார்க்க வைத்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு இலட்சம் பேர் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். அதில் பாதிப் பேருக்குப் பரிசோதனை, மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு. 2005-இல் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ இரண்டுமோ பழகியவர்களிடையே, வாய் பார்க்கப்பட்ட ஊர்களில் வாய்ப்புற்றுச் சாவு 34 விழுக்காடு குறைந்திருந்தது. டார்ச்சு விளக்கும் கண்ணும் செய்த வேலை அது.

டிரெசர்மாருக்கு இதில் தனியாக ஒன்று சொல்ல ஆசை. ஒரு காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நீங்கள்தான் எல்லாம். வெட்டுக் காயத்துக்குத் தையல், மலேரியாவுக்குக் கொயினா, பேறுகாலத்துக்கு ஓட்டம், பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து. 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்து உங்கள் வேலைக்கு ஓர் ஒழுங்கும் மதிப்பும் கொடுத்தது. இன்றைக்கு நீங்கள் சிலரே. உங்கள் முன் வந்து நிற்பவர்களும் மாறிவிட்டார்கள். வங்காளதேசத்துப் பையன், நேப்பாளி, இந்தோனேசியக்காரர். அவர்களில் பலர் பாக்கும் புகையிலையும் பொட்டலமாக வாங்கி உதட்டுக்குள் அடக்குபவர்கள். கட்டணத்துக்கும் கடப்பிதழ்ப் பிரச்சினைக்கும் பயந்து அரசாங்கக் கிளினிக் பக்கமே போகாதவர்கள். கொங்சியில் இருக்கும் அந்தப் பையனுக்கு உங்களைத் தவிர இந்த நாட்டில் வேறு வைத்தியர் இல்லை. அவன் வாயையும் பாருங்கள். நம் முன்னோர் கப்பலில் வந்து இறங்கியபோது அவர்கள் நிலையும் அதுதானே.

வெற்றிலையைப் பற்றிப் பேசும்போது கோபப்படாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வெட்டுக்காட்டில் விடியற்காலை இறங்கியவள் பகல்வரை பசி தெரியாமல் இருக்கப் போட்டது அது. பல்வலிக்கும் அதுதான், குளிருக்கும் அதுதான், ஊர்க்கதைக்கும் அதுதான். இப்போது தனிமைக்கும் அதுவே துணை. அதை ஒரு சொல்லில் பிடுங்க நினைத்தால் அடுத்த தவணைக்கு உங்கள் முன் வாயே திறக்க மாட்டார். "புகையிலை போடறதில்லை மிஸ்ஸி, வெறும் பாக்குத்தான்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் நிறைய. அங்கே கொஞ்சம் நின்று விளக்குங்கள். புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றை உண்டாக்கும், பாக்கே தனியாகப் புற்றுக்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இலேயே அறிவித்துவிட்டது. சிகரெட் பெட்டியில் 2009-இலிருந்து வாய்ப்புற்றுப் படம் போடுகிறார்கள், நம் ஆண்பிள்ளைகள் அதைப் பார்த்தாவது கொஞ்சம் முகம் சுளிக்கிறார்கள். சந்தையில் பாட்டி வாங்கும் வெற்றிலைக் கட்டில் எந்தப் படமும் இல்லை. அந்த எச்சரிக்கையைச் சொல்ல நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. பூசைத் தட்டில் வெற்றிலை இருக்கட்டும், கல்யாணத்தில் தாம்பூலம் கொடுக்கட்டும், அதையெல்லாம் யாரும் தடுக்கவில்லை என்று முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம், அடக்கிக்கொண்டு தூங்குவதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த தவணையில் புகையிலையை விடச் சொல்லுங்கள். அதற்கடுத்து பாக்கை. முழுதாக விட்டால்தான் காப்பு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், ஆனால் ஒவ்வொரு படியையும் மெச்சுங்கள். கூடவே சாராயத்தையும் கேளுங்கள், முக்கியமாகத் தாத்தாக்களிடம். வெற்றிலை, சிகரெட், சம்சு மூன்றும் ஒரே வாய்க்குள் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. இதே பீடோங் பக்கத்தில், ஹார்வர்ட் தோட்டத்தில், 1946, 47-இல் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். அடி வாங்கினார்கள், சிறைக்கும் போனார்கள். எது தங்கள் சனத்தை அரிக்கிறது என்று வெளியிலிருந்து வந்து யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பயிற்சியை யார் கொடுப்பது? அரசாங்கப் பல் கிளினிக் அதிகாரிகள் கொடுக்கலாம், ஒரு பிற்பகல் போதும் தொடங்க. பீடோங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் சமூகத்தின் பெயரைச் சொல்லி எழுந்த கல்விக்கூடம், பல் மருத்துவமும் மருத்துவமும் ஒரே வளாகத்தில் படிக்கும் பிள்ளைகள், சுற்றிலும் பழைய தோட்டங்கள். பல் மருத்துவ மாணவர்கள் பக்கத்துக் கிளினிக் தாதியருக்குப் படம் காட்டிச் சொல்லிக் கொடுத்தால் இரு தரப்பும் கற்கும். சுங்கை பட்டாணி ஸ்ரீ சுப்பிரமணியர் கோயிலில் சித்ரா பௌர்ணமிக்கு எவ்வளவு கூட்டம் கூடுகிறது! தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம், அன்னதானம் போடுகிறோம். ஒரு திரை கட்டி, நாலு நாற்காலி போட்டு, வாய் பார்க்கும் இடமும் ஒன்று வைத்தால் கோயில் கமிட்டி வேண்டாம் என்று சொல்லாது.

பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். தடுப்பூசிக்கும் எடைக்கும் வரும் குழந்தையின் உதட்டைத் தூக்கி ஒரு பார்வை பாருங்கள். இந்த நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஐந்தில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லாமல் குன்றியிருக்கிறது என்று 2019, 2022 தேசிய சுகாதார ஆய்வுகள் சொல்கின்றன. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளும், கொங்சியில் வளரும் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் சரியாக வருகிறார்களா என்பதே எனக்குச் சந்தேகம். சோர்ந்து, சாப்பிட மறுத்து, ஈறில் இரத்தமும் வாயில் கெட்ட நாற்றமுமாக ஒரு பிள்ளை வந்தால் அது வெறும் வாய்ப்புண் என்று ஜெல் தடவி அனுப்பாதீர்கள். இரத்தப் புற்றும் இப்படி வரலாம், எதிர்ப்புச் சக்தியை இழக்கச் செய்யும் நோய்களும் இப்படி வரலாம். நோமாவுக்கென்று நைஜீரியாவில் சொல்லிக் கொடுக்கும் பாடம் அந்த இடத்தில் இங்கேயும் ஒரு பிள்ளையைக் காப்பாற்றும்.

இன்னும் ஒன்று பாக்கி. கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அந்த இலங்கை ஆய்வில் அனுப்பப்பட்ட 1,220 பேரில் நிபுணரிடம் போய்ச் சேர்ந்தவர்கள் பாதிக்குச் சற்றே கூட. மற்றவர்கள் சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நம் பாட்டிமாரும் அப்படித்தான் செய்வார்கள். கோலா கெட்டிலிலிருந்து சுங்கை பட்டாணிக்கோ, பாலிங்கிலிருந்து அலோர் ஸ்டாருக்கோ போவதென்றால் மகன் லீவு போட வேண்டும், மருமகளிடம் சொல்ல வேண்டும். அதோடு சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றவுடன் "கத்தி வச்சா பரவிடும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இது பொய் என்று நீங்கள் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பரவவிடுவது காத்திருப்புதான். சிறியதாக இருக்கும்போது எடுத்தால் சின்ன அறுவையோடு போகும், சாப்பாடும் பேச்சும் மிஞ்சும். காத்திருந்தால் தாடையை எடுக்க வேண்டும், கதிர்வீச்சுக்கு அலைய வேண்டும், அப்போதும் பாதிப் பேர்கூடப் பிழைப்பதில்லை.

நல்லவேளையாக, நிறைய ஊர்களில் பல் கிளினிக் உங்கள் கிளினிக் வளாகத்திலேயே இருக்கிறது. சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிடாதீர்கள். எழுந்து, பாட்டியின் கையைப் பிடித்து, அந்தக் கதவு வரை கூட்டிப்போய்ப் பல் டாக்டரிடம் "இந்த இடத்தைக் கொஞ்சம் பாருங்க" என்று சொல்லி ஒப்படைத்துவிட்டு வாருங்கள். பல் கிளினிக் தூரத்தில் இருந்தால் தேதியை அங்கேயே தொலைபேசியில் வாங்குங்கள். சர்க்கரை எழுதும் அதே பக்கத்தில், பக்கத்திலேயே ஒரு கட்டம் போட்டு, வாய் பார்த்தேன், இன்ன பக்கம் இன்னது இருந்தது, இன்ன தேதிக்கு அனுப்பினேன் என்று எழுதுங்கள். மகளுடைய எண்ணையோ மருமகளுடைய எண்ணையோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு அவர் போகவில்லை என்று தெரிந்தால், மறுநாள் காலையில் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பள்ளிப் பல் தாதி ஒருவர்,
சுங்கை பட்டாணி